ஏழாவதை மட்டும்

1

இந்தக் கதை ஒரு பாதி வாக்கியத்திலிருந்து வந்தது. அதைத் தொடங்கியவர் முடிக்கவில்லை. முடித்திருந்தால் எனக்குக் கதை இல்லை. நோரீனுக்குக் கணவர் இருந்திருக்கலாம்.

('இருந்திருக்கலாம்' என்பதை இரண்டு முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். வேறு சொல் அகப்படவில்லை.)

2

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

'ஓஹியோ ஆற்றின் கரையில், மூடிப்போன காகித ஆலைக்கு எதிரே' — வேண்டாம். இந்தக் கதையில் ஆற்றுக்கு வேலையில்லை. பாலத்துக்குத்தான்.

'நோரீன் ஸ்டாஃபர் நேர்மையானவர்' — சொன்னதுமே சந்தேகம் வருகிறது.

இப்படித் தொடங்குகிறேன். அக்டோபர் முழுக்க, நான் வேலை பார்க்கும் ஊர் நூலகத்துக்கு மதிய வேளைகளில் நோரீன் வந்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் அவர் ஒரு தாள் தயாரிப்பார். வேட்பாளர் என்ன சொல்கிறார், நகர மன்றத்தில் என்ன செய்தார், அவ்வளவுதான். எல்லாம் பொது ஆவணங்களிலிருந்து. சலவைக்கடையிலும் தேவாலய வாசலிலும் அது கிடைக்கும். பெயரடை கூடாது என்பது அவர் விதி. நான் அவரிடம் கற்றுக்கொள்ள முயன்றுகொண்டிருக்கிறேன்.

இந்த முறை மேயர் பதவிக்கு கர்ட் ரஸ்க் நின்றார். பல வருடமாக மன்ற உறுப்பினர். வீட்டு வாசல் புல்தரைகளில் அவர் தேர்தல் பலகைகள்: 'உங்கள் பாதுகாப்பே என் முதல் வேலை.' தாளில் அவர் பெயருக்குக் கீழே, 'பொதுப் பாதுகாப்பு' என்ற தலைப்புக்கு நேரே, ஒரு வரி காலியாக இருந்தது.

3

தகராறு இல்லாத விஷயங்களை எங்கள் மன்றம் ஒரு கட்டாகக் கட்டி, ஒரே 'சரி'யில் நிறைவேற்றிவிடும். போன கூட்டத்தின் குறிப்பு, உப்பு கொட்டும் லாரிக்கு டயர், கிறிஸ்துமஸ் விளக்கு. மூன்று வருடங்களுக்கு முன் ஓர் இலையுதிர்காலத்தில், அந்தக் கட்டின் ஏழாவது விஷயமாக ஒன்று இருந்தது: தீயணைப்பு நிலையத்தின் இரவுப் பணியை மூடுவது. ஊர் ஆம்புலன்ஸும் அங்கிருந்துதான் கிளம்பும்.

நோரீனின் கணவர் வெண்டல் அடுத்த பிப்ரவரியில், ஓர் இரவு, சமையலறையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து வந்தது. வந்தபோது

(இந்த வாக்கியத்தை நோரீன் முடித்தும் நான் கேட்டதில்லை.)

4

கூட்டத்தின் காணொளி நகர மன்றத்தின் தளத்தில் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கேமரா ஒன்றுதான். பேச வரும் பொதுமக்களை மட்டும் காட்டும். உறுப்பினர்கள் வெறும் குரல்கள்.

நோரீன் எப்போதும் ஒரே இடத்திலிருந்து ஓடவிடுவார். வெண்டல் எழுந்து வரும் இடம்.

"சட்டையப் பாரு கண்ணு. இஸ்திரி போட்டு வச்சத விட்டுட்டு, எத மாட்டிட்டுப் போயிருக்காருன்னு பாரு."

திரையில் வெண்டல் தொப்பியைக் கழற்றிப் பேச்சாளர் மேசை மேல் வைத்தார். பேசும் நேரம் தொடங்கியதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது.

"வெண்டல் ஸ்டாஃபர், பீச் தெரு. டயர் வாங்குங்க, விளக்கு வாங்குங்க, எனக்கென்ன. ஏழாவத மட்டும் கட்டுலேருந்து வெளிய எடுங்க. எடுத்து, பேசி, ஓட்டுப் போடுங்க. உங்கள்ல ஒருத்தர் கேட்டாப் போதும். வழிமொழியத் துணைக்கு இன்னொருத்தர் வேண்டாம். உங்க விதிதான், நான் எழுதல. ஒரே ஒருத்தர்."

யாரோ சிரித்தார்கள். சிவப்பு விளக்கு எரிவதற்கு வெகுமுன்பே முடித்துவிட்டு நடந்தார்.

"இப்பத் திரும்புவாரு பாரு. தொப்பி! இந்த மனுஷன் ஒரு இடத்துலயும் தொப்பிய மறக்காம வந்ததில்ல."

திரும்பினார். தொப்பியை எடுத்தார். அப்போதுதான் கேமராவுக்கு வெளியே ஓர் ஆண் குரல்:

"தலைவரே, நான் அந்த ஏழாவதை…"

வெண்டல் தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தை விவரிக்க மூன்று பத்தி எழுதினேன். எடுத்துவிட்டேன். நிமிர்த்தினார், அவ்வளவுதான்.

பிறகு மௌனம். யாரோ காகிதம் புரட்டும் சத்தம். "கட்டுக்கு ஆதரவு?" வரிசையாக எல்லாக் குரல்களும் 'சரி'.

எழுத்துக் குறிப்பில் பாதி வாக்கியங்களுக்கு இடமில்லை. 'ஒருமனதாக நிறைவேறியது' என்று இருக்கிறது.

"யார் குரல் அது?" என்றேன்.

"அதத்தான் தேடுறேன்" என்றார் நோரீன். உடனே பின்னால் நகர்த்தினார், சட்டை வரைக்கும்.

5

ரஸ்க்கைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. வெண்டல் போன பிறகு ஒவ்வொரு கோடையிலும் நோரீன் வாசலில் தக்காளிப் பை வைத்துவிட்டுப் போகிறவர் அவர்.

தீயணைப்பு நிலையத்தின் விருந்தில் நோரீன் அவரைப் பிடித்தார். நான் பக்கத்தில் தட்டோடு நின்றேன். ஸ்பகெட்டி, அதன் மேல் சில்லி என்கிற இறைச்சிக் குழம்பு, அதன் மேல் மலை போலச் சீஸ்.

"கர்ட், அந்த ராத்திரி ஷிப்ட்ட மூடினப்ப நீ என்ன பண்ணின?"

"நான் எதிர்த்தேன், நோரீன். மனசார எதிர்த்தேன்."

"மனசுக்கு ஓட்டு இல்லியே."

"வாயையும் தொறந்தேன். கட்டுலேருந்து எடுக்கச் சொல்ல ஆரம்பிச்சேன். பக்கத்துல பாத்தேன். ஒருத்தனும் நிமிரல. துணைக்கு ஆள் இல்லாம எப்படி எடுக்கறது?"

நோரீன் தட்டைக் கீழே வைத்தார்.

"துணை வேண்டாம், கர்ட்."

"வேணுமே. எல்லாத் தீர்மானத்துக்கும் வேணும்."

"இதுக்கு வேண்டாம். வெண்டல் சொன்னாரு. உன் எதுக்க நின்னு சொன்னாரு."

ரஸ்க் கையிலிருந்த முள்கரண்டியைப் பார்த்தார். பிறகு, "சொன்னாரா?" என்றார்.

6

அந்தக் காலி வரிக்கு நோரீன் எழுதிய வரைவுகள், அவர் அனுமதியோடு:

'இரவுச் சேவையை மூட வாக்களித்தார்.' (உண்மை. ஆனால் வெண்டல் தலை நிமிர்ந்தது இதில் இல்லை.)

'மூடுவதைத் தடுக்க முயன்றார்.' (உண்மை. ஆனால் வெண்டல் இதில் பிழைத்துவிடுகிறார்.)

'கேட்கவில்லை.' (அடித்துவிட்டார். "இது என் வரி, தாளோட வரி இல்ல.")

அச்சானது இது: 'ஏழாவது விஷயத்தை வெளியே எடுக்கக் கேட்கத் தொடங்கினார். முடிக்கவில்லை. பிறகு சரி என்றார்.'

பெயரடை இல்லை. ரஸ்க் ஜெயித்தாரா என்று எழுதினால் நீங்கள் அதையே முடிவாக எடுத்துக்கொள்வீர்கள். எழுதவில்லை.

7

தேர்தல் முடிந்தும் நோரீன் வருகிறார்.

"தாள்தான் போட்டாச்சே" என்றேன்.

"சரிபாக்கணும் கண்ணு. ஒரு தடவ போதுமா?"

ஹெட்போனை மாட்டிக்கொள்கிறார். சட்டை. பச்சை விளக்கு. தொப்பி. வெண்டல் தலை நிமிர்ந்ததும் நிறுத்திவிடுகிறார். மௌனத்துக்குள் போவதில்லை. அவர் விரல் அந்தப் பொத்தானிலேயே இருக்கிறது. திரையில் வெண்டல், கையில் தொப்பியோடு, யாரோ பேசி முடிப்பதற்காகக் காத்திருக்கிறார்.

முடித்து எழுதிப் பார்த்தேன். என் எழுத்தில் அந்தக் குரல் வாக்கியத்தை முடித்தது, இரவு ஆம்புலன்ஸ் ஊரிலேயே இருந்தது, பிப்ரவரி சாதாரணமாகக் கடந்தது. நோரீனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அவரு எந்தச் சட்ட போட்டிருந்தாருன்னு விட்டுட்டியே" என்று திருப்பிக் கொடுத்தார்.

அதனால் முடிவை உங்களிடம் விடுகிறேன். வாக்கியம் இங்கே இருக்கிறது. முடிக்கத் துணைக்கு இன்னொருவர் வேண்டாம். ஒருவர் போதும்.

தலைவரே, நான் அந்த ஏழாவதை