லைசென்ஸைப் பிடித்து வைத்திருந்தவன்

பெற்றவர்கள் அவனுக்கு ஏதோ நல்ல பெயராகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மெக்கானிக்கல் மூன்றாம் வருஷமே அவனைக் கூப்பிட்டது ‘பூட்டு’ என்று. சும்மா வந்த பட்டம் இல்லை.

இயந்திர பாகங்களை வரைகிற சாஃப்ட்வேருக்குப் பல்கலைக்கழகம் வாங்கிப் போட்டிருந்தது பத்தே லைசென்ஸ். பத்துப் பேர் திறந்துவிட்டால் அடுத்தவனுக்குத் திறக்காது. யார் யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் திரை காட்டிக்கொடுக்கும். அவர்களைத் தேடிப் போய்க் கெஞ்ச வேண்டியதுதான். லேப் திறந்ததும் முதல் ஆளாக ஓடிவந்து உட்காருவான் பூட்டு. உட்கார்ந்து என்ன கிழித்தான் என்று கேட்டுவிடாதீர்கள். காலையில் ஒரு வட்டம் போடுவான். சாயங்காலமும் அதே வட்டம் அங்கேயே இருக்கும்.

“டேய் பூட்டு, மூடித் தொலைடா. நான் இன்னைக்கு சப்மிட் பண்ணணும்.”

“இருடா, சேவ் பண்ணிக்கறேன். உக்காரு.”

“இந்த வட்டத்தையா? சக்கரம் கண்டுபிடிச்சிட்டேன்னு போய் சொல்லு, பரிசு தருவாங்க.”

கேலிதான். ஆனாலும் உட்கார்ந்தார்கள். ஹாஸ்டல் சாப்பாட்டைத் திட்டினார்கள், வாத்தியார் மாதிரி பேசிக் காட்டினார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் பையன் நாள் முழுக்கக் காத்துக் கிடக்கிறான் என்பது லேப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குத் தெரியும். தூசியைத் தவிர அந்த அறையில் அவள் கண்ணுக்குத் தப்பியது எதுவுமில்லை.

“ஃப்ரெண்ட்ஸ் யாராவது கிடைச்சாங்களா கண்ணா?” என்று அம்மா போனில் கேட்பாள்.

“என்னைத் தேடி ஆள் வந்துக்கிட்டே இருக்காங்கம்மா.”

பொய் என்று எப்படிச் சொல்வது?

பிறகு ஒரு திங்கட்கிழமை, லேப் அக்கா கதவில் நோட்டீஸ் ஒட்டினாள். இனி எல்லா மாணவர்களுக்கும் லைசென்ஸ் உண்டு, சொந்த லேப்டாப்பிலும் ஓடும்.

“அப்பாடா, உன் தொல்லை விட்டுதுடா!” என்றவள், பூட்டின் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அன்றைக்கும் வட்டம் போட்டான். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. மத்தியானம் அம்மாவின் போன் வந்தது. எடுக்கவில்லை.

சாயங்காலம் ஒரே ஒருவன் வந்து மூலையில் உட்கார்ந்தான். சக்கரக் கேலி செய்த அதே பையன். பாவம், அவன் லேப்டாப் ரிப்பேர். பூட்டு அத்தனை காலி நாற்காலிகளையும் தாண்டிக்கொண்டு அவனிடம் போய் நின்றான்.

“டேய், கொஞ்சம் மூடேன். எனக்கு லைசென்ஸ் வேணும்.”

“தூங்கி எழுந்து வர்றியா? இப்பதான் எல்லாருக்கும் இருக்கே!”

“ஆமா, இல்ல...”

பூட்டு நகரவில்லை. அந்தப் பையன் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த தன் பையை எடுத்தான். தனக்கு இடம் விடுகிறான் என்று சட்டென்று பூட்டின் முகம் மலர்ந்தது.

“நீ உக்காருடா, எனக்கு வேலை முடிஞ்சுது. போகும்போது நீயே மூடிடு.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போயே போய்விட்டான்.

பூட்டு அவன் இடத்தில் உட்கார்ந்தான். அவனுடைய வரைபடத்தைச் சேவ் பண்ணினான். மூடத்தான் கை வரவில்லை.

“பூட்டலாமாடா?” என்று சாவியோடு வந்து நின்றாள் அக்கா.

“இருங்கக்கா. யாராவது வந்து கேப்பாங்க.”

அக்கா அவனைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள். சாவியை மேஜையில் வைத்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு துணியைத் தேடி எடுத்து, முதல் வரிசையிலிருந்து தூசி தட்ட ஆரம்பித்தாள்.