ஆறாவது கிராஸுக்கு ஒரு பெயர்

ஞாயிறு பூசை முடிந்து வந்து ஆஞ்சலா செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ராஜேந்திரன் கேட்டைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். பொம்மனஹள்ளியில் அந்தத் தெருவின் சங்கச் செயலாளர் அவர்.

“பெர்னார்ட்ணா, போர்டு டிசைன் வந்துடுச்சு. நம்ம ஆறாவது கிராஸ் தெருவுக்கு இனிமே ஆண்ட்ரூ பேரு. வர்ற ஞாயித்துக்கெழம எம்எல்ஏவே வந்து தொறக்கிறேன்னுட்டாரு.”

பெர்னார்ட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். யூனிஃபார்மில் அவருடைய மகன் ஆண்ட்ரூ. பின்னால் நெருப்பு, இரண்டு போர் விமானங்கள். கீழே கன்னடத்தில், ‘போர்க்களத்தில் வீரமரணம் அடைந்த விமானி’ என்று எழுதியிருந்தது.

“நல்லா இருக்குப்பா. போட்டுடு” என்றார்.

ராஜேந்திரன் போனதும் ஆஞ்சலா கேட்டைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு மாமனாருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

ஆண்ட்ரூ போரில் பறந்தது உண்மைதான். எல்லையில் சண்டை நடந்த நாட்களில் அவள் டிவி முன்னாலேயே கிடந்தாள். போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டாலும் பயம். ஒரு கீறல் இல்லாமல் அவன் திரும்பி வந்தான். அப்புறம், புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு மாற்றல். “இனிமே வாத்தியார் வேலதான், நிம்மதியாத் தூங்கு” என்று அவனே சிரித்துக்கொண்டு சொன்னான். அவளும் தூங்கினாள். அவன் கிளம்பும்போது எழுந்து வழியனுப்புவதைக்கூட விட்டுவிட்டாள். ஒரு காலை, விமானம் மேலே ஏறும்போதே இன்ஜினில் பறவை அடித்தது. கூடப் பறந்த மாணவன் உடைந்த காலோடு தப்பினான். ஆண்ட்ரூ தப்பவில்லை. விமானப்படைக் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு அவள் மாமனார் வீட்டுக்கு வந்தாள்.

“ஏன் மாமா ஒத்துக்கிட்டீங்க?”

பெர்னார்ட் கண்ணாடியைத் துடைத்தார். கோலார் தங்கச் சுரங்கத்தில், அதை மூடும்வரை வேலை பார்த்தவர். மகன் போன இந்த மூன்று மாதத்தில் சட்டை தோளிலிருந்து தொங்க ஆரம்பித்திருந்தது.

“எத்தன பேருக்குமா சொல்றது? டிரெய்னிங்ல போயிட்டான்னு சொன்னா, ‘ஓ, ஆக்சிடெண்டா’ன்றாங்க. அந்த ‘ஓ’வ என்னால கேக்க முடியல. சண்டையில போனான்னா மறுகேள்வி இல்ல. கைய எடுத்துக் கும்புட்டுட்டுப் போயிடறாங்க.”

அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

“சண்டையில அவரு சாகல மாமா. திரும்பி வந்தாரு” என்றாள் மெதுவாக. “அப்புறம் ஏழு மாசம் என் கூட இருந்தாரு. கல்யாணமானதுல இருந்து அவ்ளோ நாள் சேந்தாப்ல நாங்க இருந்ததே இல்ல. மார்க்கெட்டுக்குப் போனோம், சண்டை போட்டுக்கிட்டோம், தோசை சுட்டுக் குடுத்தாரு. அந்த போர்டுல அதெல்லாம் நடக்கவே இல்லன்னு ஆயிடுது.”

பெர்னார்ட் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “தோசை சுடுவானா? இங்க ஒரு நாள் அடுப்புகிட்ட வந்ததில்லயே” என்றார். குரல் உடைந்தது. அவள் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் அவரே ராஜேந்திரனுக்குப் போன் செய்தார். “அந்த லைன எடுத்துடுப்பா. நெருப்பும் வேணாம். விமானி, பயிற்சி விமான விபத்துல இறந்தாருன்னு போடு. அது போதும்.”

“என்னண்ணா, எம்எல்ஏகிட்ட நான் வேற மாதிரி சொல்லியிருக்கேனே.”

“அவரு வரலைன்னாலும் பரவால்லப்பா.”

அந்த ஞாயிற்றுக்கிழமை எம்எல்ஏ வரவில்லை. வேறு நிகழ்ச்சி இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். பாதிரியார் ஜெபம் செய்தார். தெருக்காரர்கள் ஏழெட்டுப் பேர் வெயிலில் நின்றார்கள். ராஜேந்திரன் சற்று முகம் வாடித்தான் இருந்தார். ஆனாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு, போர்டு கோணாமல் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டார்.

வந்தவர்களுக்கு ஜூஸ் கொடுத்து முடித்ததும் ஆஞ்சலாவுக்குக் கண்ணைச் சுழற்றிக்கொண்டு வந்தது. பல நாள் தூக்கம் பாக்கி.

“நீ போய்ப் படுமா” என்றார் பெர்னார்ட். “நான் பாத்துக்கறேன்.”

அவள் உள்ளே போனாள். அவர் நாற்காலிகளை ஒவ்வொன்றாக அடுக்க ஆரம்பித்தார்.