பச்சைப் புள்ளி வாங்கிய விடுமுறைக் கடிதம்

2022-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, பூர்ணிமாவின் நிழல் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ பிடித்து, ஒன்பதே காலுக்கு ஒரகடம் வந்து சேர்ந்தது. ஆட்டோக்காரர் ஒரு முழு ஆளுக்கான காசை மறுநாள் பூர்ணிமாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். உட்கார இடமே பிடிக்காத உருப்படிக்கு முழுக் காசா என்று சண்டை போடுகிற பழக்கம் நிழல்களுக்கு இல்லை. அடையாள அட்டை இல்லாததால் செக்யூரிட்டி அதை உள்ளே விடவில்லை. பூர்ணிமா லைனிலிருந்து எழுந்து வந்து கையெழுத்துப் போட்டு, கையோடு காலோடு ஒட்டிக்கொண்டு கூட்டிப்போனாள். சூப்பர்வைசர் ஏகாம்பரநாதன் தலையைச் சொறிந்தபடி, "லேட் மார்க்கு யாருக்குப் போடறது, உனுக்கா அதுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

காரணம் ஷாலினுக்குத் தெரியும். முந்தின நாள் மாலை அவளுடைய வாட்ஸப் குழுவில் பூர்ணிமா எழுதியிருந்த விடுமுறைக் கடிதத்தில், "என் நிழல் பஸ்ஸைத் தவறவிட்டபடியால்" என்றுதான் இருந்தது.

ஷாலின் அப்போது பூர்ணிமாவோடு ஒரகடத்தில், வண்டிகளுக்கு வயர்க் கொத்து கட்டும் ஒரு தொழிற்சாலையில் ஏழாம் மேசையில் வேலை பார்த்தாள். இப்போதும் அங்கேதான் பார்க்கிறாள். கட்டி வருகிற கொத்தில் ஒவ்வொரு வயரையும் லேசாக இழுத்துப் பார்த்து, நிறம் மாறியிருக்கிறதா, முனை சரியாகப் பதிந்திருக்கிறதா என்று குறை தேடுவது அவள் வேலை. குறை இல்லையென்றால் மார்க்கரால் ஒரு பச்சைப் புள்ளி. எட்டு மணி நேரம் குறை தேடிவிட்டு மண்ணூர் வீட்டுக்குத் திரும்பினால், சோற்றில் உப்பு கம்மி, சுவரில் விரிசல், அப்பாவின் சட்டையில் பட்டன் இல்லை என்று கண்ணில் படுவதெல்லாம் குறையாகவே இருந்தது. இப்படியே போனால் தன்னோடு யாரும் குடித்தனம் பண்ண முடியாது என்று பயந்துதான் 2021-இல் 'லீவு லெட்டர்' என்று ஒரு குழுவைத் தொடங்கினாள். திங்கள்தோறும் ஒரு விளையாட்டுப் பயிற்சி. பள்ளிக்கூடத்தில் காய்ச்சலுக்கும் அக்கா கல்யாணத்துக்கும் எழுதிய அதே கடிதம்தான், ஆனால் உலகத்தில் யாருமே சொல்லியிராத காரணம் இருக்கவேண்டும். குழுவில் ஒரே ஒரு சட்டம். யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது. ஒவ்வொரு கடிதத்துக்கும் ஷாலின் கைப்பட ஒரு பச்சைப் புள்ளி வைத்து, "லீவு சாங்ஷன். போயிட்டு வாங்க" என்று எழுதுவாள்.

முப்பத்தெட்டுப் பேர் சேர்ந்தார்கள். ஷாலினுக்கு நேரில் தெரிந்தது பூர்ணிமாவை மட்டும்தான். மற்றவர்கள் நண்பருக்கு நண்பர், அவருக்குத் தெரிந்தவர் என்று வந்து ஒட்டிக்கொண்டவர்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பேனா பிடிக்காதவர்களே அதிகம். பச்சைப் புள்ளி விழுந்த கடிதமெல்லாம் மறுநாள் நடந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஜெபகுமார், தன் இடது காது ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாக எழுதினார். ஒருநாள் முழுக்க அவருக்கு இடது பக்கம் கேட்கவில்லை. சாயங்காலம் காது திரும்பி வந்தபோது சந்தன வாசனையும், மடலுக்குள் நாதஸ்வரமும் இருந்தன. அது அடங்க இரண்டு நாள் ஆனது. போனவை எல்லாம் திரும்பி வந்தன என்பதால் யாரும் பயப்படவில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிறவரை வெறுமனே "போ" என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. ஷாலினும் வழக்கத்தால்தான் "போயிட்டு வாங்க" என்று எழுதினாள். அந்த இரண்டு வார்த்தையில்தான் எல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

குழுவில் செந்தமிழன் என்று ஒருவர் இருந்தார். எழுத வந்த இடத்தில் இப்படியொரு பெயரைப் பார்த்ததும் புனைபெயர் என்றே எல்லோரும் முடிவுகட்டினார்கள். பூர்ணிமா அவரைக் "கவிஞரே" என்று கிண்டல் செய்வாள். அவர் மறுக்கவில்லை, ஒரு கும்பிடு மட்டும் போடுவார். மற்றவர் கடிதம் எதுவாக இருந்தாலும் முதல் ஆளாகப் படித்து, "இந்த வரியை நான் இரண்டு தடவை படித்தேன்" என்று எந்த வரி என்றும் சேர்த்து எழுதுவார். ஷாலினின் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும் காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வரும். ஆறுதல் ஒன்றும் இருக்காது. "இன்று ஐந்து வரி போதும், மேடம். ஆஸ்பத்திரி நாற்காலியைப் பற்றி எழுதுங்கள்" என்று இருக்கும். ஷாலின் எழுதுவாள். அந்தப் பதினெட்டு நாளில் அவளைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டது அந்த ஐந்து வரிதான். அந்த மனுஷர் யார், எந்த ஊர், சாப்பிட்டாரா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அவருடைய கடிதங்களில் ஷாலின் அதிகம் சிரித்தது ஒரு ஸ்டூல் கடிதத்துக்கு. "எனக்கு முந்தின ஷிப்டில் உட்காருகிறவர் ஸ்டூலை ஒரு படி ஏற்றிவைத்துவிட்டுப் போவதால், கால் தரைக்கு எட்டாமல் இரண்டு மணி நேரம் ஆகாயத்தில் இருந்தேன். இறங்கி வர ஒருநாள் விடுப்பு வேண்டும்." ஷாலின் புள்ளி வைத்தாள். மறுநாள் எங்கோ ஒருவர் தரைக்கு ஓரடி மேலே உட்கார்ந்திருந்து, மாலையில் இறங்கியிருப்பார். அவளுக்கும் ஸ்டூலோடு தகராறு இருந்தது. தினமும் வந்து பார்த்தால் அவளுடைய ஸ்டூல் ஒரு படி இறங்கிக் கிடக்கும். எந்தக் குள்ளக் கத்திரிக்காய் இறக்கிவைக்கிறது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே ஏற்றிக்கொள்வாள். மூன்று வருஷம் திட்டினாள். அந்தத் தொழிற்சாலையில் இரண்டே ஷிப்ட், வாரத்துக்கு வாரம் மாறும். உள்ளே வருகிறவர்களுக்கு ஒரு கேட், வெளியே போகிறவர்களுக்கு வேறு கேட். ஒரே மேசையில் வருஷக்கணக்காக உட்கார்ந்த இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே ரிட்டயர் ஆகலாம். அப்படி ஆகியும் இருக்கிறார்கள்.

2023 புரட்டாசியில் ஏற்றுமதி ஆர்டர் ஒன்று வந்து, ஆறு நாள் தொடர்ந்து ஓ.டி. போட்டார்கள். ஆறாம் நாள் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் சாய்ந்தபடி ஷாலின் போனைத் திறந்தாள். குழுவில் பதினோரு கடிதம் காத்துக்கிடந்தது. அவள் படிக்கவில்லை. லைனில் கடைசி நேரத்தில் கை தானாகப் புள்ளி வைத்துக்கொண்டு போகுமே, அப்படி வரிசையாகப் பதினோரு பச்சைப் புள்ளி வைத்தாள். எட்டுப் பேருக்குக் கீழே சாங்ஷனும் எழுதினாள். மீதிக்கு எழுதுவதற்குள் தூங்கிப்போனாள். மண்ணூர் ஸ்டாப் தாண்டி இறங்கி நடந்து வந்தாள்.

எழுதாமல் விட்ட மூன்று பேரில் இருவர் தூக்கமின்மைக்கும் மனஸ்தாபத்துக்கும் நிரந்தர விடுப்பு கேட்டிருந்தார்கள். அவை போயே போய்விட்டன, அவர்கள் இன்றுவரை ஷாலினுக்கு நன்றி சொல்கிறார்கள். மூன்றாவது கடிதம் செந்தமிழனுடையது.

"மதிப்பிற்குரிய மேடம், பதினோரு மாதத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்டில் என் பெயரை அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறார்கள். இந்தத் தடவை அடித்தது நன்றாக விழுந்திருக்கிறது, எழுதியதுதான் சரியாக விழவில்லை போலிருக்கிறது. முகம் பார்க்கிற மெஷின் மூன்று நாளாக என்னைத் தெரியாது என்கிறது. பஸ்ஸில் ஒருவர் என் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார், மரியாதைக்காக நானும் எதுவும் சொல்லவில்லை. ஆகவே, கண்ணுக்குத் தெரிவதிலிருந்து எனக்கு விடுப்பு அளிக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் சந்தோஷம்தான். இப்படிக்கு, கீழ்ப்படிதலுள்ள, செந்தமிழன்."

கீழே பத்தொன்பது பேர் சிரித்திருந்தார்கள். அதற்கும் கீழே ஷாலினின் பச்சைப் புள்ளி, வேறு ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை குழுவில் அவர் எதுவும் எழுதவில்லை. அடுத்த திங்களும் இல்லை. ஷாலின் மேலே நகர்த்திப் போய் அந்தக் கடிதத்தை அப்போதுதான் படித்தாள். "வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் சந்தோஷம்தான்" என்ற வரியில் அவள் கை நின்றுவிட்டது. அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு, "வேண்டாம் சார். லீவு கேன்சல். போயிட்டு வாங்க, உடனே வந்துடுங்க" என்று எழுதி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. மறுபடி எழுதினாள். அதற்கும் ஒற்றை டிக். அந்த வாரம் நாற்பது முறை எழுதியிருப்பாள்.

பத்து நாள் கழித்துத் தொழிற்சாலை அறிவிப்புப் பலகையில், தகவல் இல்லாமல் வேலைக்கு வராதவர்கள் பட்டியலைப் போட்டோவோடு ஒட்டினார்கள். மூன்றாவது போட்டோவின் கீழே, 'செந்தமிழன், மேசை 7, பி டீம்' என்று இருந்தது. புனைபெயர் இல்லை, பெற்றவர்கள் வைத்த பெயர். நாற்பது வயது இருக்கும், ஏறு நெற்றி, குட்டையான கழுத்து. ஷாலின் அந்தப் பலகை முன்னால் நின்று அழுதாள். டீ டைம் முடிந்து பெல் அடித்த பிறகும் நின்று அழுதாள். மூன்று வருஷமாகத் திட்டிய வாய் அவளுடைய வாய்தானே. ஏகாம்பரநாதன் வந்து பார்த்தார்.

"இன்னாம்மா, சொந்தக்காரரா?"

"ஆமா சார்."

"அவர் மேசை வேல மட்டும் முடிஞ்சிகினுதாம்மா கீது. ஆளக் காணோம், பீஸு வருது. ஒரு குறை சொல்ல முடியாது. மேல கேட்டேன். பீஸு வருதில்ல, வுட்டுடுன்றாங்க."

அது உண்மைதான். பி டீம் ஷிப்டில் ஏழாம் மேசையில் வயர்கள் தாமாக லேசாக இழுபட்டு, பச்சைப் புள்ளி விழுந்து, பெட்டிக்குள் அடுக்கப்பட்டன. முகம் பதியாததால் வருகை இல்லை, வருகை இல்லாததால் சம்பளம் இல்லை. நிர்வாகத்துக்கு இதில் ஒரு சங்கடமும் இருக்கவில்லை. புது ஆள் போடும் எண்ணத்தைக் கைவிட்டார்கள்.

அவருக்கு ஓர் அக்கா, ரத்னா. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கத்தில் டிபன் கடை வைத்திருந்தார். பூர்ணிமா விசாரித்துச் சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாலின் போனாள். ரத்னா அடுப்பை விட்டு நகராமல், ஓரமாக இருந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்ணால் காட்டினார். அதன் முன்னால் தட்டில் மூன்று இட்லி இருந்தது.

"எங்க பூட்டான்றே? இங்கதான் கீறான். தட்டு காலியாவுது, சொம்புல தண்ணி கொறையுது. பேசத்தான் மாட்டேன்றான். அவன் எப்பதான் பேசுனான்?" என்றவர், கரண்டியைக் கீழே வைத்தார். "பத்து வருசமா நான்தாம்மா சோறு போடறேன். கை அவன் தட்டுல இருக்கும், கண்ணு கல்லாவுல இருக்கும். ஒரு நாளு நிமிந்து அவன் மூஞ்சியப் பாத்திருந்தா போயிருப்பானா, சொல்லு. நீ ஒருத்தி பாக்கலன்னு வந்து அழுவுறே. யாரு பாத்தோம்?"

ஷாலின் அந்த நாற்காலியைப் பார்த்து, "அண்ணா, போயிட்டு வாங்கன்னு சொல்ல மறந்துட்டேண்ணா" என்றாள். நாற்காலி சும்மா இருந்தது. டிபன் சாப்பிட வந்தவர் ஒருவர் அதை இழுக்கப் போனார். ரத்னா, "ஆள் கீது, வேற எட்து போட்டுக்கோ" என்றார். அவரும் வேறு எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு குழுவில் ஒரு மாற்றம் செய்தார்கள். கடிதத்தைப் படித்து, பிடித்த ஒரு வரியை எடுத்து எழுதாமல் யாரும் புள்ளி வைக்கக் கூடாது. முதல் திங்கள் ஷாலின் கொடுத்த பயிற்சி, செந்தமிழனுக்கு வேலைக்குத் திரும்பும் கடிதம் எழுதுவது. முப்பத்தேழு பேரும் எழுதினார்கள். ஜெபகுமார், அவர் மடியில் உட்கார்ந்தது தானாக இருக்கலாம் என்று மன்னிப்புக் கேட்டு எழுதினார். முப்பத்தேழுக்கும் பச்சைப் புள்ளி விழுந்தது, எதுவும் நடக்கவில்லை. விடுப்பில் போனவர் எழுதவேண்டிய கடிதத்தை அடுத்தவர் எழுதினால் செல்லாது. எந்த ஆபீஸிலும் அதுதான் விதி.

ஷாலினால் செய்ய முடிந்தது ஒன்றுதான் மிச்சமிருந்தது. ஷிப்ட் முடிந்து எழுந்திருக்கும்போது ஸ்டூலை அவளே ஒரு படி இறக்கிவைத்தாள். இறக்கிவிட்டு, மார்க்கரை அதன் மூடியோடு வலது பக்கம் வைத்துவிட்டு, "போயிட்டு வாங்கண்ணா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பி டீம் வருகிற நேரத்தில் இப்படிப் போகிறவள் வருகிறவருக்குச் சொல்வதைக் கேட்டு ஆரம்பத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். வருஷம் இரண்டு ஓடியது. அப்பா காலமானார். அந்த நாட்களில் காலை ஏழு மணிக்கு அவள் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளாகவே வீட்டு நாற்காலியைப் பற்றி ஐந்து வரி எழுதி, அவர் எண்ணுக்கு அனுப்பினாள். ஒற்றை டிக்.

காரியம் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியது 2025 ஐப்பசியில், காலை ஷிப்டுக்கு. போனை லாக்கரில் வைத்துவிட்டு, ஏழாம் மேசைக்கு வந்து, வழக்கம்போல ஸ்டூலை ஏற்றக் குனிந்தாள். அது ஏற்கெனவே ஒரு படி ஏறி, சரியாக அவள் உயரத்துக்கு இருந்தது. மார்க்கர் இடது பக்கம் இருந்தது. ஷாலின் இடது கைக்காரி. அதை அவள் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.

அவள் உட்கார்ந்தாள். கால் தரையில் படிந்தது. முதல் கொத்தை எடுத்து ஒவ்வொரு வயராக இழுத்துப் பார்த்தாள். கண் மங்கியிருந்ததால் அந்தக் கொத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. ஏகாம்பரநாதன் பார்த்துக்கொண்டே கடந்து போனார். அன்றிலிருந்து போகும்போது இவள் இறக்கிவைக்கிறாள், வரும்போது ஏறியிருக்கிறது. ஏழாம் மேசை ஸ்டூலைப் பற்றி இரண்டு ஷிப்டிலும் யாருக்கும் புகார் இல்லை.