தட்டில் விரல்

தராசுக்காரரின் மனைவி ஊருக்கு வரும்போது மட்டும் அந்த விமானம் இரண்டு நாள் பறந்தது. மற்றவர்களுக்குப் பதினொரு மணி நேரம். விமானம் அதேதான். பக்கத்து இருக்கைக்காரர் வீட்டுக்குப் போய்க் குளித்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து, மறுநாள் சவரக்கடையில் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருக்கும்போது அவள் இன்னும் கடலுக்கு மேலே ஜன்னலோரம் இருந்தாள். கம்பெனிக்காரர்கள் நாலு வேளைப் பொட்டலத்தை முன்கூட்டியே அவள் மடியில் வைத்துவிடுவார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்டதில்லை.

அவள் கடலுக்கு அப்பால் ஒரு தூரத்து நகரத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ். வருடத்துக்கு ஒரு லீவு. அவர் இங்கே கடைத் தராசுகளைப் பழுது பார்ப்பவர். அந்தத் தொழில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: முள் தப்பாக நின்றால் எவனோ தட்டில் விரல் வைத்திருக்கிறான். திரும்பிப் போகும்போது அவளுக்கும் பதினொரு மணி நேரம்தான் என்று தெரிந்ததும் அவருக்கு வயிறு எரிந்தது. அங்கே போக ஒரு தூரம், தன்னிடம் வர வேறொரு தூரமா?

“நடுவுல எங்கடி இறங்கின?”

“வானத்துல எங்கங்க இறங்குறது? மேகத்துலயா?”

போனில் அவள் பின்னால் யாராவது இருமினால், அது இளவட்டத்தின் இருமலா கிழவனின் இருமலா என்று நாளெல்லாம் எடைபோட்டார். “ஆஸ்பத்திரியில இருமாம பாடவா செய்வாங்க?” என்றாள் அவள். வருடங்கள் இப்படியே போயின. கடைசியில், விமான நிலையத்தில் கார் ஓட்டும் மச்சானுக்கே பொறுக்கவில்லை. “மாமா, நேர்ல போய்ப் பாருங்க. இல்லன்னா அக்காவ விட்டுடுங்க. ரெண்டுல ஒண்ணு.”

போனார். எவனாவது இருந்தால் அங்கேயே தலைமுழுகிவிட்டு வருவது என்று முடிவோடு போனார். எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். அவருக்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. வெளியே அவள் வீங்கிய கண்களோடு தனியாக நின்றாள். நலம் விசாரிக்கவில்லை. “அந்தப் பழக்கடைக்காரி தராசு மட்டும் எப்படிங்க வாராவாரம் கெட்டுப்போகுது?” என்றாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விரல் வைத்தது காத்திருப்பவரின் சந்தேகம். ஊரில் அவருடையது, இந்த நகரத்தில் அவளுடையது. மூன்று நாள்! தன்னுடையதைவிட ஒரு நாள் கனம். அவருக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வருடம் அவர் நிம்மதியாக இருந்துவிட்டார். அவள் மற்றவர்களோடு பதினொரு மணி நேரத்தில் வந்து இறங்கினாள். வழக்கம்போல மறுநாள்தான் வருவாள் என்று அழைத்துப்போக யாரும் வந்திருக்கவில்லை. வாடகைக் கார் பிடித்து வந்து பெட்டியை வாசலில் தொப்பென்று போட்டாள். “நான் எக்கேடு கெட்டாலும் உங்களுக்கு ஒண்ணுமில்ல, அப்படித்தான?”

நிம்மதியாக இருக்கும் அந்தத் தப்பை அவர் மறுபடி செய்யவில்லை. இப்போதெல்லாம் விமானம் இறங்கி, எல்லோரும் வீடு போய்ச் சேர்ந்த மறுநாள்தான் அக்காவை அழைத்துவர மச்சான் காரைக் கழுவுகிறான்.