அளவு ரவிக்கை

புது ரவிக்கையில் கொக்கிகள் எல்லாம் ஒழுங்காகத்தான் மாட்டின. அதுதான் காத்தூன் பீவியைக் கலவரப்படுத்தியது. மாட்டாமல் போயிருந்தால் உடம்பு பெருத்துவிட்டது என்று சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஜப்பான்காரன் ஆட்சியில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று யார் பெருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். தோள் சரியாக இருந்தது, கை சரியாக இருந்தது, இடுப்பும் சரி. மார்பு மட்டும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அதற்கென்று அவள் தைத்த இடம் காலிப் பையாகச் சுருங்கி நிற்க, அவளுடையது அதற்கு வெகு கீழே, அடிப்பட்டியில் இடித்துப் பிதுங்கிக்கொண்டிருந்தது.

வெட்டியதில் தவறு இல்லை. தையல்காரன் பெண்டாட்டிக்கு அது தெரியாதா என்ன. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் தையற்காரரிடம் போய் டேப்புக்கு நிற்கமாட்டாள். உடம்புக்குப் பாந்தமாக இருக்கும் பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கென்று கொடுத்தனுப்புவாள், தையற்காரர் அதைத் துணிமேல் விரித்து அப்படியே வெட்டுவார். முத்து முகம்மது தன் மனைவிக்கும் அந்த முறையைத்தான் வைத்திருந்தான். அவளுடைய கல்யாண ரவிக்கை, ரோஸ் நிறம், கடைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். வருஷா வருஷம் பெருநாளுக்கு முன்னால் அதை எடுத்து, அவளைக் கடைப்பக்கம் வராதே என்று விரட்டிவிட்டு, புதிது தைப்பான். பெருநாள் காலையில் அவள் போட்டுக்கொண்டு வந்து நின்றதும் தலையைச் சாய்த்துப் பார்த்து, “உன் அளவு மாறவே இல்ல புள்ள,” என்பான். மூன்று பிள்ளை பெற்ற பிறகும் அதையேதான் சொன்னான். அதை அவள் கிணற்றடியில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லித் திரிந்ததும் உண்டு. பெருமைதான். வேறென்ன பெருமை இருந்தது அவளுக்கு.

போன வருஷம் ஜப்பான்காரர்கள் லோரியோடு வந்து, பட்டாளத்துக்கு உடுப்புத் தைக்க என்று அவனையும் அவன் மெஷினையும் வடக்கே தைப்பிங் ஊருக்கு ஏற்றிப் போனார்கள். இப்போது அங்கிருந்து வந்த ஒரு டிரைவர், பெருநாளை ஒட்டி எல்லாரையும் அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தச் சந்தோஷத்தில்தான் ஜன்னல் திரையைக் கழற்றி, அன்னாசி நாரைத் திரித்து நூலாக்கி, அளவு ரவிக்கையை வைத்து வெட்டிக் கையால் தைத்தாள். அவன் வந்து படியேறும்போது புது ரவிக்கையில் நிற்கவேண்டும் என்பது அவள் ஆசை.

ஆக, ஒரே வருஷத்தில் எல்லாம் சரிந்துவிட்டது. பட்டினியும் பயமும் செய்த வேலை என்று அவள் முடிவு கட்டினாள். அந்த வீட்டில் தன் உடம்பைத் தானே நின்று பார்க்கிற வழக்கம் யாருக்கும் கிடையாது. குளிப்பது கைலியோடு, இருக்கிற கண்ணாடியில் முகம் தெரிந்தால் பெரிது. இனி அவன் வந்து பார்ப்பான். கண்ணாலேயே அளவெடுக்கிறவன். எதுவும் சொல்லமாட்டான், ஆனால் மாறவே இல்லை என்று இனிச் சொல்ல வழியில்லை. அதை நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் வெள்ளைக்காரர்கள் ஓடும்வரை பங்சார் தோட்டத்துத் துரை பங்களாவில் ஆயாவாக இருந்தவள். காத்தூன் சுற்றி வளைத்துக் கேட்டதை அவள் நேராகப் புரிந்துகொண்டாள்.

“எங்க மேடம் சீமைக்குப் போயி வெட்டித் தூக்கித் தச்சுக்கிட்டு வந்தாங்க லா. இங்க வந்தப்புறம் கட்டு மாத்தினது நம்ம டாக்டர் மார்க்கிரட் அம்மாதான். அவங்ககிட்டயே கேளேன்.”

“பொம்பளைங்க இதையெல்லாமா வெட்டித் தைப்பாங்க?”

“காசும் வீம்பும் இருந்தா எதையும் தைப்பாங்க.”

டாக்டர் மார்க்கிரட் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவப் பெண், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ரயில்வே குவார்ட்டர்ஸ் பின்னால் தன் வீட்டு முன்னறையில் நோயாளிகளைப் பார்ப்பார். கதவைத் தாழிட்டுவிட்டு, காத்தூனை அலமாரியின் ஆளுயரக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினார். தன்னை இடுப்பு வரைக்கும் முழுதாகக் காத்தூன் பார்த்தது அதுதான் முதல் தடவை. பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

“இது நோயா டாக்டரம்மா?”

“நோய் இல்லை. பிள்ளைகள் குடிச்சது, பாரம், வயசு. வாற இடத்துக்குத்தான் வந்திருக்கு.”

“ஒரே வருஷத்துலயா?”

“ஒரு வருஷத்தில இப்பிடி வராது,” என்றார் டாக்டர். காத்தூன் அதை நம்பவில்லை. டாக்டர்கள் உடம்பைத்தான் பார்க்கிறார்கள், ரவிக்கையைப் பார்ப்பதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் தோலை இரண்டு விரலால் மடித்துக் காட்டினார். காம்பைச் சுற்றி வெட்டவேண்டும், அங்கிருந்து கீழே ஒரு கோடு, அடியில் ஒரு கோடு, மிஞ்சிய தோலை எடுத்துவிட்டு மேலே தூக்கித் தைக்கவேண்டும். கேட்கக் கேட்க காத்தூனுக்குப் பயத்தோடு ஒரு பரிச்சயமும் உண்டாயிற்று. தினம் கடையில் பார்த்த வேலைதான், துணிதான் வேறு.

“செய்யேலும். நான் கூட நிண்டு உதவி செய்திருக்கிறன், தனியச் செய்ததில்லை. தழும்பு போகாது. பிறகு பிள்ளை பிறந்தால் பால் குடுக்கிறது நிச்சயமில்லை. அந்த இடத்தில தொட்டால் தெரியிற உணர்ச்சி போனாலும் போகும். எல்லாத்துக்கும் மேல, இப்ப மருந்து இல்லை. கிழங்கு திண்ட உடம்பில காயம் ஆறச் சுணங்கும், சீழ் பிடிச்சால் என்ர கையில ஒண்டுமில்லை.”

“அப்ப வேணாங்குறீங்களா?”

“வேணாம் எண்டு சொல்லமாட்டன். வேணும் எண்டும் சொல்லமாட்டன். உடம்பு உங்கட.”

அப்படி யாரும் அவளிடம் இதுவரை சொன்னதில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எங்க மச்சான் வர்றதுக்குள்ள ஆறிடுமா என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரமே செய்தால் ஆறலாம் என்றார் டாக்டர். கட்டுத் துணிக்குப் பஞ்சம், ஆகவே நல்ல பழைய பருத்தித் துணியாகப் பட்டை பட்டையாகக் கிழித்து, கொதிக்கவைத்துக் காயப்போட்டு எடுத்துவரச் சொன்னார்.

நல்ல பருத்தி என்றால் அந்த வீட்டில் பெருநாள் ரவிக்கைகள்தான். சாயம் போனாலும் அவள் ஒன்றையும் எறிந்ததில்லை. டிரங்குப் பெட்டியில் வருஷ வரிசைப்படி கிடந்தன. மகள் பரீதா தம்பியைக் கூட்டிக்கொண்டு கீரை பறிக்கப் போன நேரமாகப் பார்த்து, பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நூலும் மிஞ்சும் என்பதால் கிழிக்காமல் தையல் தையலாகப் பிரித்தாள்.

முதல் ரவிக்கையில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதில் வெளித்துணிக்கும் உள்துணிக்கும் நடுவே விரல் அகலத்தில் ஒரு பட்டி இருந்தது. வெளியே தையல் தெரியாதபடி, மார்பின் அடியில், தாங்கிப் பிடிக்கிற மாதிரி. உள்துணியை இப்படி யாரும் தைப்பதில்லையே என்று அடுத்ததைப் பிரித்தாள். அது பரீதா பிறந்த வருஷத்து ரவிக்கை. பட்டி இரண்டு விரல் அகலமாகியிருந்தது, மார்பு மடிப்பு கீழே இறங்கியிருந்தது. அளவு ரவிக்கையை எடுத்து வந்து மேலே வைத்துப் பார்த்தாள். ஒட்டவில்லை. அடுத்ததும் ஒட்டவில்லை. ஒவ்வொரு வருஷமும் மடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, பட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக்கொண்டே வந்திருந்தது. கடைசி ரவிக்கையில் முரட்டு டிரில் துணி மூன்று மடிப்பாக இருந்தது. அவள் தோலில் உரசாமல் இருக்க அதன் விளிம்பு முழுக்க மெல்லிய மல் துணி சுற்றிப் பொடித் தையல் போட்டிருந்தான்.

நடுவில் ஒரே ஒரு ரவிக்கையில் பட்டி இல்லை. அந்த இடத்தில் மெல்லிசாகப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தது. எந்த வருஷம் என்று யோசித்தவளுக்குக் கை நின்றுவிட்டது. பரீதாவுக்கு அடுத்தது பிறந்து, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும் முன்னே போய்விட்ட வருஷம். குடிக்கப் பிள்ளை இல்லாமல் பால் கட்டி வலித்து, நனைந்துகொண்டேயிருந்த நாட்கள். அவனிடம் அவள் அதைச் சொன்னதேயில்லை.

அளவு ரவிக்கையை ஆணியிலிருந்து அவன் எடுத்ததே அவள் பார்ப்பதற்குத்தான். வெட்டியது முழுக்க அவன் மனசிலிருந்த வேறோர் அளவை. “அடப்பாவி மனுஷா,” என்றாள் வாய்விட்டு. முதலில் வந்தது கோபம். என் உடம்பு எனக்குத் தெரியக்கூடாதா, இத்தனை வருஷமும் எனக்குத் தெரியாமல் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டு, கிணற்றடியில் நான் பீற்றிக்கொண்டதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தானா என்று பொங்கினாள். பிறகு அந்த மல் துணி விளிம்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவன் உயிரோடு வந்து சேரவேண்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்டதைப் போல அவள் அதற்கு முன் வேண்டிக்கொண்டதில்லை.

துணிகளை என்னவோ சொன்னபடி கிழித்தாள். கொதிக்கவைத்துக் கொடியில் காயப்போட்டாள். பஞ்சு வைத்ததையும் கடைசி வருஷத்ததையும் மட்டும் பெட்டியில் திருப்பி வைத்தாள். பிறகு டாக்டர் வீட்டுக்குப் போனாள்.

“துணி ரெடியோ? நாள் வைப்பமோ?”

“துணி காயுது. நாள் இப்ப வேணாம் டாக்டரம்மா.”

“பயமோ?”

“பயம் இருக்கு. அது இல்ல. எங்க மச்சான் எனக்கு இத்தனை வருஷமாத் தைக்கிறாக, ஒரு தரம்கூட டேப்பு வச்சதில்ல. வரட்டும். வெளக்க வச்சிக்கிட்டு, டேப்ப வச்சு, உள்ளது உள்ளபடி வாயால சொல்லச் சொல்லப்போறேன். நானும் பாக்கணும். அதுக்கப்புறமும் வேணும்னு தோணுச்சுன்னா நானே வந்து படுத்துக்குறேன்.”

டாக்டர் மார்க்கிரட், “துணியை வீணாக்காமல் வச்சிருங்கோ. எதுக்கும் உதவும்,” என்றார்.

வீட்டுக்கு வந்தவள் ஜன்னல் திரை ரவிக்கையைப் பிரித்து, இந்தத் தடவை எதையும் மேலே விரிக்காமல், தன் உடம்பின்மேலேயே துணியை வைத்துச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டாள். மடிப்பு எங்கே வரவேண்டுமோ அங்கே வந்தது. பட்டி வைக்கவில்லை. அழகாக இருந்தது என்று சொல்லமுடியாது, ஆனால் மூச்சு விட வசதியாக இருந்தது.

டிரைவர் சொன்ன வாரம் வந்தபோது கடைக் கதவைத் திறந்து தூசி தட்டினாள். மெஷின் இருந்த இடத்தில் தரையில் நாலு கால் தடம் வெளுத்துத் தெரிந்தது. ஆணியிலிருந்த ரோஸ் நிற ரவிக்கையை எடுத்து மடித்து வைத்துவிட்டு, தான் தைத்ததை அங்கே மாட்டினாள். அவன் அளவு டேப்பையும் தேடியெடுத்து அதே ஆணியில் தொங்கவிட்டாள். கொல்லைக் கொடியில் மறுபடி அலசிப்போட்ட கட்டுத் துணிகள் ஆடிக்கொண்டிருந்தன. ஸ்டேஷன் பக்கம் ரயில் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்டது. காத்தூன் வாசலுக்குப் போகவில்லை. காற்றில் ஆடிய ரவிக்கையை ஒரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டு, அங்கேயே நின்றாள்.