எர்த்துக்கு இடம் விடாத பெயிண்ட்

என் புருஷன் வெர்லினுக்கு ஒரு வியாதி. அசையாமல் நிற்கிற எதைக் கண்டாலும் பெயிண்ட் அடித்துவிடுவான். தபால் பெட்டி, கோழிக்கூண்டுக் கதவு, மாட்டுக் கொட்டகை முக்காலி எல்லாம் ஆயிற்று. நான் சோபாவில் கண்ணயர்ந்தால்கூட ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்க வேண்டியிருக்கிறது. இருவரும் ஒரே பள்ளிக்கூடப் பஸ்ஸில் போனவர்கள், அதனால் எங்களுக்குள் அன்றிலிருந்தே வாடா போடாதான்.

எங்கள் ஊர்ப் பழைய டிராக்டர் கண்காட்சியில், நல்ல பெயிண்டுக்கான முதல் பரிசு நீல ரிப்பன் வருஷா வருஷம் அவனுக்குத்தான். இந்த முறை என் அப்பாவின் சிவப்பு டிராக்டரை எடுத்துக்கொண்டான். பனிக்காலம் முழுக்க ஷெட்டிலேயே குடியிருந்தான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால், "ரெண்டாவது கோட்டு காயுது" என்று பதில் வரும்.

கண்காட்சி அன்று காலையில் எல்லா டிராக்டர்களும் வரிசையாக ஏரியைச் சுற்றிவிட்டு மைதானத்துக்கு வரும். நான் இத்தனை வருஷமும் மட்கார்டில் உட்கார்ந்து, மடியில் கேக் டப்பாவைப் பிடித்துக்கொண்டு போனவள். "இந்தத் தடவை நான்தான் ஓட்டுவேன், அது எங்கப்பா வண்டி" என்றேன். வெர்லின் சரியென்று தலையாட்டினான்.

ஓட்டுவது பெரிதில்லை. வழியில் நின்றுபோனால்தான் ஆபத்து. நின்ற வண்டியை எங்கள் பக்கத்து வீட்டு கெய்லார்ட் தன் டிரெய்லரில் ஏற்றுவான். அதுவும் முன்பக்கம் பின்னால் பார்க்கும்படி ஏற்றுவான், ஓட்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மேலேயே உட்கார்ந்து வர வேண்டும். பின்னால் வருகிற அத்தனை பேரும் முகத்தைப் பார்த்துக் கை தட்டுவார்கள். முதல் தடவை ஓட்டுகிற பொம்பளைக்கு அது நடந்தால் அவள் கருமாதி வரைக்கும் பேசுவார்கள். செத்தாலும் டிரெய்லரில் ஏறுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

முந்தின நாள் மதியம் வண்டியைக் கிளப்பினோம். சத்தம் கும்மென்று இருந்தது. ஆனால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறுவதைக் காட்டும் முள் மைனஸ் பக்கமே சாய்ந்து கிடந்தது, ஆக்சிலேட்டரை ஏற்றியும் எழுந்திருக்கவில்லை. டைனமோ ஒன்றும் கொடுக்கவில்லை. ஊர்வலத்தில் விளக்கு எரிந்தாக வேண்டும், இஞ்சினுக்கும் பேட்டரிதான். அந்த ஆறு வோல்ட் பேட்டரி பாதி ஏரிக்குக்கூடத் தாங்காது.

வெர்லின் பெல்ட்டை அழுத்திப் பார்த்தான், இறுக்கமாக இருந்தது. கார்பன் பிரஷ்களைக் கழற்றித் துடைத்தான். இந்தப் பழைய வண்டிகளில் பாசிட்டிவ்தான் எர்த், அவசரத்தில் பேட்டரியை மாற்றிப் போடுகிறவர்கள் உண்டு. அதுவும் சரியாகத்தான் இருந்தது. டைனமோவுக்கு ஒரு சின்னப் பொறி கொடுத்து உசுப்பியும் பார்த்தான், முள் எழவில்லை.

அந்த நேரம் பார்த்து கெய்லார்ட் காபி குடிக்க வந்து சேர்ந்தான். "ஆர்டிஸ், டிரெய்லர்ல உனக்கு நல்ல சீட்டா ஒண்ணு துடைச்சு வச்சிருக்கேன்."

"அதுல உன் வாய ஏத்திக்கிட்டுப் போ, இடம் பத்துதான்னு பாப்போம்" என்றேன்.

கடைசியாக வெர்லின் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு, டைனமோவுக்கு நேரே பேட்டரியைக் கொடுத்தான். நல்ல டைனமோ என்றால் மோட்டார் மாதிரி சுற்ற வேண்டும். ஒரு ஒயரை முனையில் வைத்தான், எர்த் ஒயரின் கிளிப்பைப் பளபளவென்ற சிவப்பு உடம்பில் மாட்டினான். அசையவே இல்லை.

"போச்சு. டைனமோ செத்துருச்சு" என்று முகத்தைத் தொங்கப் போட்டான்.

நான் கிளிப்பைப் பிடுங்கி, டைனமோவின் பெயிண்ட் படாத சுழல்தண்டு நுனியில் வைத்தேன். விர்ரென்று சுற்றியது. கெய்லார்டுக்குக் காபி மூக்கில் ஏறிவிட்டது.

"சாகலடா. உன் பெயிண்டுல மூச்சு முட்டிக் கிடக்கு."

விஷயம் அதுதான். கரண்டு திரும்பிப் போக இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ள வேண்டும். இவன் டைனமோவுக்கு அடியிலும், அதைப் பிடித்திருக்கும் தாங்கிக்கும் இஞ்சினுக்கும் நடுவிலும், மேலே சார்ஜை இணைத்து விடுகிற கட்டவுட் பெட்டிக்குக் கீழேயும் தனித்தனியாக மூன்று கோட்டு அடித்திருக்கிறான்.

"கழட்டிச் சுரண்டிடு, சரியாயிடும்" என்றேன்.

அவன் பதறிப்போனான். "போல்ட்டு மேலயும் அடிச்சிருக்கேன். ஸ்பானர் பட்டா உரிஞ்சிடும். அந்தக் கலர் நானே கலந்தது, சொட்டு மிச்சமில்ல. ஜட்ஜு டார்ச் அடிச்சுப் பாப்பாரு ஆர்டிஸ்! இந்த வருஷம் டிரெய்லர்ல வந்துரேன், நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"அந்தப் பெயிண்ட் டப்பாவையே நீ கட்டியிருக்கலாம். சமைச்சும் போட்டிருக்கும்."

சிரித்துக்கொண்டே சொல்லத்தான் பார்த்தேன். குரல் உடைந்துவிட்டது. உள்ளே போய், நாளைக்கு வேண்டிய, புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட கேக்குக்கு மாவைக் கலக்குகிறேன் பேர்வழி என்று பாத்திரங்களை உருட்டினேன். எனக்கு அவ்வளவு கோபம். என் அப்பா வண்டி, ஒரே ஒரு நாள், அதற்குக்கூட ஒரு ரிப்பன் குறுக்கே நின்றது.

காலையில் கேக் டப்பாவோடு ஷெட்டுக்குப் போனேன். மட்கார்டில் உட்காரவும் மாட்டேன், டிரெய்லரில் ஏறவும் மாட்டேன், நடந்தே போகிறேன் என்று சொல்லத்தான் போனேன். வெர்லின் தரையில் குந்தியிருந்தான். கையில் அரம், பக்கத்தில் கசங்கிய உப்புத்தாள். டைனமோவும் தாங்கியும் திரும்ப மாட்டியிருந்தன. போல்ட்டைச் சுற்றிலும் சிவப்பு உரிந்து வெள்ளை இரும்பு தெரிந்தது. கட்டவுட் பெட்டியின் ஓரம் எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது.

என்னைப் பார்க்காமலே, "ஏறிக் கிளப்பு" என்றான்.

கிளப்பினேன். முள் ஒரு தடவை நடுங்கியது, அப்புறம் மெல்ல எழுந்து பிளஸ் பக்கம் போய் நின்றது.

ஏரியை முழுக்கச் சுற்றினேன். சோளக்காட்டு வளைவில் கெய்லார்ட் டிரெய்லரோடு என்னை ஒட்டியே வந்தான். ஏமாந்துபோன அவன் மூஞ்சியைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது.

மைதானத்தில் ஜட்ஜு ஓர்டெல் டார்ச்சோடு குனிந்தார். நிமிரும்போது அவர் முகம் சுருங்கியிருந்தது. "இவ்வளவு அருமையா அடிச்சுட்டு... யாரு வெர்லின் இந்தக் கொலையப் பண்ணது?"

ஆர்டிஸ் சுரண்டச் சொன்னாள் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். பக்கத்து நீல டிராக்டர்க்காரன் அதற்குள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரிப்பனுக்குத் தயாராகிவிட்டான்.

"நான்தான் சுரண்டினேன்" என்றான் வெர்லின். "அத விடுங்க. இவ ஏரியச் சுத்தி வந்தாளே, பாத்தீங்களா? ஒரு எடத்துலகூட நிக்கல."

அதையே அடுத்த டிராக்டர்க்காரனிடமும் போய்ச் சொன்னான். அதற்கடுத்தவனிடமும் சொன்னான். அவனைக் கேலி பண்ண அன்றைக்கு எனக்கு வாயே வரவில்லை.