வீங்காத முழங்கை

பவளத்தின் வாயில் பொய் வராது. ஜூஜுவாடிப் பக்கத்துக் கம்பெனியில் கைப்பிடியை இழுத்துத் தகடு அடிக்கும் பிரஸ் வேலை அவளுக்கு. ஒரு தகடு கோணலாக விழுந்தாலும் தானே எடுத்துப்போய்க் காட்டுவாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம்! முழங்கை வலிக்கிறது என்று சொன்ன அவளைப் பார்த்துத்தான் சூப்பர்வைசர் முத்துமணி எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

“முழங்கையில வீக்கமே காணோம், வலி மட்டும் எங்கேர்ந்தும்மா வருது? நாடகமா?”

தண்ணீர்ச் சொம்பைக்கூடத் தூக்க முடியாத வலி. ஆனாலும் அந்த ‘நாடகம்’தான் அவளைத் தூங்கவிடவில்லை.

“வீக்கந்தானே வேணும் அந்தாளுக்கு? காட்டிட்டுப் போ,” என்றாள் பக்கத்து பிரஸ்காரி செல்லி.

பாழாய்ப்போன ரோஷம்! பட்ட இடமெல்லாம் கொப்பளிக்க வைக்கும் சேங்கொட்டைப் பாலைப் பவளம் கையில் தடவிக்கொண்டாள். மறுநாள் முன்கை கொப்பளித்து பன் மாதிரி உப்பிவிட்டது. முத்துமணி பதறிப்போய் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான்.

“சேங்கொட்டையா?” என்றாள் டாக்டரம்மா, பார்த்ததுமே.

பவளத்துக்கு உயிரே போய்விட்டது.

“நான் அப்பவே சொன்னேன் டாக்டர்!” என்றான் முத்துமணி.

டாக்டரம்மா அவனைக் கண்டுகொள்ளவில்லை. பவளத்தைக் கண்ணை மூடச் சொல்லி, முழங்கை எலும்போரம் விரலால் அங்கங்கே அழுத்தினாள். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி, தூக்கவிடாமல் தன் கையால் எதிர்த்து அழுத்தினாள். ஒவ்வொரு தடவையும் பவளம் அலறியது அதே இடத்தில்தான்.

“இந்த வீக்கம் பொய். வலி நிஜம்,” என்றாள் டாக்டரம்மா. “சதையை எலும்போட கட்டியிருக்கிற நார், இழுத்து இழுத்துப் பழங்கயிறா நைஞ்சுபோச்சு. அதைச் சரிபண்ண உடம்பு புதுசா ரத்தக்குழாய் விடுது, கூடவே வலி உணர்ற நரம்பும் முளைக்குது. வலிக்கிறது அதனாலதான்னு இப்பச் சொல்றாங்க. அதுக்கு வெளியே வீங்கணும்னு இல்ல. நாங்களே இத்தனை நாளா வீங்கிச் சிவக்கிற அழற்சின்னுதான் நினைச்சோம். கொஞ்ச நாள் பிரஸ் வேண்டாம். நான் சொல்ற மாதிரி மெதுவா எடை தூக்கிப் பழகு, நார் தேறும்.”

முத்துமணி தலையைச் சொறிந்தான். “சரிம்மா, நாளையிலேர்ந்து பேக்கிங்குக்குப் போ. சேங்கொட்டை விஷயம் வெளியே போகாது.”

பவளம் விடுவாளா? மறுநாள் ஷெட்டுக்குள் நுழைந்ததும் கட்டுப்போட்ட கையை உயர்த்தினாள்.

“இந்தக் கொப்பளம் நானே வெச்சுக்கிட்டது. அது பொய், தப்பு என்னுது. ஆனா வலி பொய்யில்ல. வீங்காமலும் வலிக்கும், டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க!”

“அதை எதுக்கும்மா ஊருக்கெல்லாம் சொல்றே?” என்றான் முத்துமணி.

“என் பொய்யை நான் சொல்லாம வேற யாரு சார் சொல்றது?”

அவள் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அப்போது செல்லி பிரஸ் கைப்பிடியை விட்டாள்.

“சார், எனக்கும் ரொம்ப நாளா வலிக்குது. வீக்கம் இல்ல.”

வீங்கியிருக்கிறதா என்று முத்துமணி அவள் கையைப் பார்க்கவே இல்லை. “நீயும் டாக்டரம்மாவைப் போய்ப் பாரு,” என்றான்.